அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

சகாய்மினாதோ, மே 12

அன்புள்ள தம்பி கியோதகாவுக்கு,

அக்கா சிகுசா எழுதுவது. இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. கடல்காற்று மட்டும் இன்னும் குளிர்காலத்தை விட்டபாடில்லை. நீ நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பருவமும் நலமும் விசாரித்தாயிற்று, இனி சண்டைக்கு வருகிறேன்.

உன் தொலைபேசிக்கு என்ன கேடு? மூன்று வாரமாக அடிக்கிறேன், எடுக்க ஆளில்லை. செய்தி அனுப்பினால் படித்த அடையாளம்கூட இல்லை. அதனால்தான் தபால்தலை வாங்கி ஒட்டும்படி ஆகிவிட்டது. கடைசியாக நான் கடிதம் எழுதியது எப்போது என்றே நினைவில்லை. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயம் இதுதான். மினோரிக்கு உன் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த ஏப்ரலில் சேர வேண்டும். சம்மதப் படிவத்தில் தன் பெயர் முத்திரையைக் குத்தி செப்டம்பர் 30-க்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். யொனாகோவில் பன்னிரண்டே பேர் இருக்கும் ஒரு சின்னக் கணினிக் கம்பெனியும் அவளைக் கூப்பிடுகிறது. உன் அத்தானுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பெண் வீட்டிலிருந்தே போய்வரலாம் அல்லவா. இவளோ, "மாமா பதினாலு வருஷமா அங்கதானே இருக்காரு. அவரு போன்னா போறேன், வேணாம்னா யொனாகோ. வேற யாரு சொல்றதும் என் காதுல ஏறாது"ன்னு சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வயது, பிடிவாதம் மட்டும் நம் அப்பாவின் சொத்து.

ஆகவே, அந்த வேலையில் நல்லது என்ன, கெட்டது என்ன என்று இரண்டையும் எழுது. நீ எழுதுவதை அப்படியே அவள் கையில் கொடுப்பேன். அவள் வாழ்க்கை உன் பேனாவில் இருக்கிறது, அவசரப்படாமல் எழுது. ஆனால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிகுசா


தோக்கியோ, ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கியோதகா வணக்கத்துடன் எழுதுவது. மழைக்காலம் வாசலில் வந்து நிற்கிறது. அத்தானின் முதுகுவலி இப்போது எப்படி? நான் நலமே.

தாமதத்துக்கு மன்னித்துவிடு. தொலைபேசியின் கதை வேறொன்றுமில்லை. நான் இப்போது இருப்பது ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் ஒன்பதாவது மாடியில். வாடிக்கையாளர் இடத்துக்கே போய்க் கணினி முறை அமைத்துத் தரும் எங்கள் வேலை அப்படித்தான், சம்பளம் ஓரிடம், நாற்காலி வேறோரிடம். உள்ளே போகும்போது தொலைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். வெளியே வரும்போது களைப்பில் அதை எடுத்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. கடிதம் எனக்கு வசதியாக இருக்கிறது. காகிதம் சத்தம் போடுவதில்லை.

மினோரிக்கு என் வாழ்த்து. நல்லதைச் சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் பயிற்சி மட்டும்தான். ஒன்றும் தெரியாத பிள்ளையை உட்காரவைத்து, எழுதவும் பேசவும் எதிராளி சொல்வதைக் கேட்கவும் கற்றுத் தருவார்கள். அந்தச் செலவை வேறு யாரும் செய்யமாட்டார்கள். நான் கூட்டத்தில் வாய்திறக்காத பையன் என்பது உனக்குத் தெரியும். இன்று நாற்பது பேர் முன்னால் நிற்கிறேன். கம்பெனியின் பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரர் வேறு கேள்வி கேட்காமல் சாவியைக் கொடுத்தார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஓர் உலகம் மாறும். வங்கி, ரயில், இப்போது காப்பீடு. கூட வேலை பார்ப்பவர்கள் கூர்மையானவர்கள். முட்டாளோடு வாதாடும் களைப்பு அங்கே கிடையாது.

தவறு நடந்தால் யாரும் கத்துவதில்லை. ஒரு தாளைக் கொடுத்து, நடந்ததை மேலே எழுதி, அதன் கீழே 'ஏன்' என்று ஐந்து முறை கேட்கச் சொல்வார்கள். ஒவ்வொரு பதிலையும் மறுபடி ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால், ஐந்தாவதில் உண்மையான காரணம் கிடைக்கும். நாகரிகமான முறை.

ஒரு வேடிக்கையும் உண்டு. தாளில் மேலதிகாரியின் முத்திரைக்குப் பக்கத்தில் நம் பெயர் முத்திரையைக் குத்தும்போது கொஞ்சம் சாய்த்துக் குத்த வேண்டும். முத்திரையும் அவருக்குத் தலைவணங்கும்! சரியான சாய்வு வர எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

கெட்டது என்றால், சில நாள் வீடு திரும்ப நேரமாகும். அவ்வளவுதான்.

தெருமுனை மருந்துக்கடையின் கூரைக்கடியில் தகைவிலான் குருவி கூடு கட்டியிருக்கிறது. குஞ்சுகள் நான்கு. காலை பதினோரு மணிக்குத் தாய் இரை கொண்டுவரும்போது கடைக்காரர்கூட வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்.

எல்லோர் உடல்நலத்தையும் வேண்டுகிறேன்.

கியோதகா


சகாய்மினாதோ, ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை, உன் அத்தானின் முதுகும் தேறவில்லை. நீ மெலிந்துவிடவில்லையே?

கடிதம் கிடைத்தது. நல்லது பத்து, கெட்டது ஒன்று. எங்கள் ஓகி தீவுக் கப்பலின் கால அட்டவணைகூட இதைவிட நேர்மையானது. காற்று அடித்தால் கிளம்பாது என்று அதிலாவது அடியில் போட்டிருக்கும். நான் டிக்கெட் கவுண்டரில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். நேற்றும் அலை அதிகம், கப்பல் ரத்து. ஒரு பெரியவர் கண்ணாடியைத் தட்டி, "ஏம்மா, நீ சொன்னா கெளம்பாதா?"ன்னு கேட்டார். கடலைத் திட்ட முடியாதவர்கள் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள்.

உன் ஐந்து ஏன் இங்கே பெரிய விளையாட்டாகிவிட்டது. சோறு ஏன் குழைந்தது? தண்ணீர் அதிகம். ஏன்? அளவுக் கிண்ணம் காணோம். ஏன்? மினோரி எடுத்துப் பூவுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஏன்? பூவாளி உடைந்துவிட்டது. ஏன்? "அம்மா புதுசு வாங்கல." எந்த வழியாகப் போனாலும் ஐந்தாவதில் நான்தான் வந்து நிற்கிறேன். உண்மையான காரணமா இது, இல்லை வீட்டில் எதிர்த்துப் பேசாத ஆள் யார் என்று கண்டுபிடிக்கும் வித்தையா?

மினோரி கடிதத்தைப் படித்துவிட்டு, "கெட்டதை ஏன் மாமா ஒரே வரில முடிச்சுட்டாரு?" என்றாள். நீயே சொல்.

பதினோரு மணிக்குக் குருவி பார்க்க விடும் கம்பெனி உண்மையிலேயே நல்ல கம்பெனிதான். கருவாடு அனுப்பியிருக்கிறேன், மெல்லிய தீயில் சுட்டுச் சாப்பிடு.

சிகுசா


தோக்கியோ, ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் கொளுத்துகிறது. நீங்கள் மூவரும் நலம் என்று நம்புகிறேன். கருவாடு வந்தது. சுட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து மோப்பம் பிடித்தார்.

குருவியைப் பார்த்தது ஒரு விடுமுறை நாளில்.

சரி, கெட்டதையும் எழுதுகிறேன். எங்கள் நேரத்தை மணிக்கணக்காக விற்கிறார்கள். விற்காமல் சும்மா இருக்கும் மணியைப் பற்றி யாரும் உன்னிடம் கேட்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மேலே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறாதவனை யாரும் விரட்டுவதில்லை, அழைப்பதை நிறுத்திவிடுவார்கள். மூன்று வருடம் கட்டி எழுப்பிய ஒன்றை, முடிந்த அன்றே நுழைவட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

இன்னொன்று. காப்பீட்டுக் கம்பெனி எங்களிடம் வேலையைக் கொடுக்கும். நாங்கள் அதில் ஒரு பங்கை இன்னொரு கம்பெனிக்குக் கொடுப்போம், அவர்கள் அதற்கும் கீழே ஒருவருக்கு. கடைசியில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஹதானோ. ஐம்பத்து மூன்று வயது. ஒன்பது பேர் மட்டுமே இருக்கும் கம்பெனியின் ஆள். ஆனால் அவர் சட்டைப்பையில் எங்கள் கம்பெனிப் பெயர் போட்ட அட்டை. கேட்டால் எங்கள் ஆள் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் அதையும் சிரிப்பாக்கிவிடுவார். "சார், உங்க கம்பெனி பேர்ல குடியிருக்கேன். வாடகை மட்டும் கேட்டுடாதீங்க" என்பார்.

சரிபார்ப்பதில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் அச்செடுத்து, ஸ்கேலை வரி வரியாக நகர்த்தி, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைப்பார். மதியம் தானே செய்த முட்டைச் சுருள் கொண்டுவருவார். இரண்டு துண்டு எப்போதும் எனக்கு. மூன்று வருடம் அப்படிச் சாப்பிட்டேன். இப்போது அவர் அங்கே இல்லை.

ஆனாலும் அக்கா, நல்லதே அதிகம் என்று மினோரியிடம் சொல்.

கியோதகா


சகாய்மினாதோ, ஜூலை 20

தம்பிக்கு,

வெயிலுக்கு வணக்கம், உனக்கும் வணக்கம். இன்றைக்கு நேரமில்லை, இரண்டே கேள்வி.

ஹதானோ எங்கே போனார்? நீ ஏன் அதோடு நிறுத்திவிட்டாய்?

முன்னோரை வரவேற்கும் ஓபோன் விடுமுறைக்கு வருகிறாயா? அப்பா அம்மாவின் கல்லறையைக் கழுவ ஆள் வேண்டும். உன் அத்தானால் குனிய முடியவில்லை.

சிகுசா


சகாய்மினாதோ, ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

கோடை தணியவில்லை. நீ நலமா என்று கேட்கிறேன், இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

ஓபோன் முடிந்தது. நீ வரவில்லை, கடிதமும் வரவில்லை. கல்லறையை நானும் மினோரியும் கழுவினோம். உனக்கும் ஒரு தட்டு வைத்தேன். "யாருக்கும்மா இது? இருக்கறவங்களுக்கா, போனவங்களுக்கா?"ன்னு இந்தப் பெண் கேட்டுவிட்டாள். வாயில் ஒரு அடி போடலாம் என்றிருந்தது. அப்புறம் அந்தத் தட்டையும் இரண்டு பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

மினோரி வெற்றுக் காகிதத்தில் முத்திரையைச் சாய்த்துக் குத்திப் பழகுகிறாள். "மாமாவுக்கு ரெண்டு வருஷம், எனக்கு ரெண்டு நாள்" என்கிறாள்.

இன்னொரு செய்தி. செப்டம்பர் 6-ஆம் தேதி, புதிதாகத் தேர்வானவர்களை உன் கம்பெனி தலைமையகத்துக்கு அழைத்திருக்கிறது. மினோரி தோக்கியோ வருகிறாள். மதியம் மாமாவோடு சாப்பிட வேண்டும், மாமா உட்காரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று துள்ளிக்கொண்டிருக்கிறாள். என்ன சொல்லட்டும்?

வேளைக்குச் சாப்பிடு.

சிகுசா


தோக்கியோ, ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

ஓபோனுக்கு வராததற்குத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறேன். வேலை குவிந்துவிட்டது.

6-ஆம் தேதி நான் நகோயாவில் இருப்பேன். வாடிக்கையாளரோடு கூட்டம், தள்ளிப்போட முடியாது. மினோரியிடம் வருத்தம் சொல். கட்டடத்தை அவளே பார்க்கட்டும், நன்றாகவே இருக்கும்.

அது நல்ல கம்பெனி. சேரட்டும். என் பதில் இதுதான்.

கியோதகா


சகாய்மினாதோ, செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

காலையில் மட்டும் குளிர் எட்டிப் பார்க்கிறது. புயல் காலம், கப்பல் பாதி நாள் ஓடுவதில்லை. எனக்குத் திட்டு வாங்கிக் காது மரத்துவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்?

மினோரி போய்வந்தாள். மேலிருந்து ஆறு தெரிகிறதாம், லிஃப்டுக்குள்ளே காது அடைக்கிறதாம், காப்பி எவ்வளவு குடித்தாலும் இலவசமாம். ஒரு மேனேஜர் வந்து, "உங்க வயசுல நானும் ஊர்லேந்து வந்தவன்தான்" என்று அரைமணி நேரம் அன்பாகப் பேசினாராம். பொய்யாகப் பேசியதாக அவளுக்குத் தோன்றவில்லையாம்.

உனக்காக ஒரு பெட்டி பயற்றம் பணியாரம் வாங்கிப் போயிருந்தாள். நீதான் நகோயாவில் இருக்கிறாயே. ஆள்சேர்ப்புப் பிரிவுப் பெண்ணிடம் உன் பெயர் எழுதிக் கொடுத்தாளாம். அந்தப் பெண் கணினியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சேர்த்துடறோம்" என்றாளாம். கிடைத்ததா? கெட்டுப்போவதற்குள் சாப்பிட்டாயா?

மினோரி நல்ல நாள் பார்த்து வைத்திருக்கிறாள். 27-ஆம் தேதி முத்திரை குத்தப் போகிறாள். அதுவரை படிவம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உன் ஆகஸ்ட் கடிதத்தை மட்டும் நான் இன்னும் அவளிடம் கொடுக்கவில்லை. அது உன் கையெழுத்துதான், ஆனால் உன் கடிதம் மாதிரி இல்லை. 27-க்கு முன்னால் இன்னொன்று எழுதினால் அதைக் கொடுக்கிறேன். எழுதாவிட்டால் இதைத்தான் கொடுக்க வேண்டும்.

சிகுசா


தோக்கியோ, செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு, மினோரிக்கும்,

இங்கேயும் இலையுதிர்காலம் தொடங்குகிறது. நான் நலமாக இல்லை.

பணியாரம் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கவும் வழியில்லை. மார்ச் 17 முதல் நான் வேலைக்குப் போகவில்லை. மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார், கம்பெனி விடுப்புக் கொடுத்தது. நகோயா பொய். தொலைபேசியைப் பூட்டிவைக்கும் பெட்டி உண்மைதான், ஆனால் நான் எடுக்காததற்கு அது காரணமில்லை. செய்தி வரும்போது எழும் அந்தச் சின்ன மணிச்சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. ஏப்ரலில் ஒலியை நிறுத்தி, துண்டில் சுற்றி, அலமாரிக்குள் வைத்தேன். குருவியைப் பார்த்தது விடுமுறை நாளிலல்ல. எல்லா நாளும் பார்த்தேன். ஜூன் கடைசியில் அவை பறந்துபோனபின் பதினோரு மணிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

ஹதானோ எங்கே என்று கேட்டாய். சொல்கிறேன்.

அந்தக் காப்பீட்டுக் கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும். அந்த வேலையைப் புதிய கணினிக்கு மாற்றும் பொறுப்பு என்னுடையது. சோதித்துப் பார்க்க மூன்று வாரம் வைத்திருந்தேன். என் மேனேஜர் ஷிமோகாவா, வாடிக்கையாளர் முன்னாலேயே தேதியை முன்தள்ளிச் சம்மதித்துவிட்டார். "நாலு நாள் போதும்ல?" என்று என்னைப் பார்த்தார். போதாது என்று எனக்குத் தெரியும். "போதும்" என்றேன். அத்தனை பேர் முன்னால் மேனேஜரை மறுத்துப் பேசும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

நாலு நாளில் ஹதானோ தூங்காமல் ஸ்கேலை நகர்த்தினார். மூன்றில் ஒரு பங்குதான் முடிந்தது. "சார், மிச்சம் பாக்கல. பாக்காததுக்குப் புள்ளி வைக்கமாட்டேன்"னு தாளைக் கொடுத்தார். அதை வாங்கி நான்தான் அனுமதி கொடுத்தேன்.

பிப்ரவரியில் முந்நூற்றுப் பன்னிரண்டு செத்துப்போனவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் போனது. இறந்தவர்களின் பட்டியல் கழிக்கப்படாமல் விட்டுப்போயிருந்தது. அவர்கள் குடும்பத்தார் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். ஒரு அம்மா, "எம் பொண்ணுக்கு இன்னிக்கு ஒன்பது வயசு ஆகியிருக்கும். ஞாபகம் வெச்சு அனுப்பினீங்களே"ன்னு சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐந்து ஏன் தாளை நான் எழுதினேன். வாழ்த்து ஏன் போனது? பட்டியல் கழியவில்லை. ஏன்? சோதனையில் கண்டுபிடிக்கவில்லை. ஏன்? நாள் போதவில்லை. அதோடு ஷிமோகாவா என் கையைப் பிடித்தார். "இப்படிப் போனா அஞ்சாவதுல யாரு வருவான்னு பாரு. நீயும் நானும். வாடிக்கையாளர் நம்மள நம்பணும்ல. மூணாவதை மட்டும் மாத்து." மாற்றினேன். ஏன் கண்டுபிடிக்கவில்லை? சரிபார்ப்பவர் கவனிக்கவில்லை. ஏன்? பார்க்கும் முறையில் பிழை. ஏன்? சரிபார்ப்பவருக்குப் பொறுப்புணர்வு போதவில்லை.

தாளில் யார் பெயரும் கிடையாது. பெயர் எழுதக்கூடாது என்பது விதி. ஆனால் அந்த மாடியில் சரிபார்ப்பவர் ஒரே ஒருவர்தான். நான் ஷிமோகாவாவின் முத்திரைக்குப் பக்கத்தில் என்னுடையதைச் சாய்த்துக் குத்தினேன். அன்றைக்குச் சாய்வு மிகச் சரியாக வந்தது.

அடுத்த திங்கள்கிழமை ஹதானோவின் நாற்காலி காலி. என் மேசையில் ஒரு பெட்டி பயற்றம் பணியாரம், போகிறவர் வைத்துவிட்டுப் போவது போல. மேலே ஒரு துண்டுக் காகிதம், "மூன்று வருடம் உங்கள் தயவில் நன்றாக இருந்தேன்." கோபத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவர் அந்தத் தாளைப் படித்திருந்தார், அக்கா. கையெழுத்துப் போட வேண்டியவர்கள் வரிசையில் அவரும் இருந்தார்.

அந்தப் பெட்டியை அலுவலகத்தில் எல்லோருக்கும் பங்கிட்டேன். நானும் ஒன்று தின்றேன். மறுநாள் ரயில் என் நிலையத்தில் நின்றது, கதவு திறந்தது, என்னால் இறங்க முடியவில்லை. அது கடைசி நிலையம் வரை போய்த் திரும்பி வந்தது. அன்று ஐந்து தடவை அந்த நிலையத்தைக் கடந்தேன்.

மினோரி, முதல் கடிதத்தில் நான் எழுதிய நல்லது எதுவும் பொய்யில்லை. பயிற்சி உண்மை. நண்பர்கள் உண்மை. உன்னிடம் அன்பாகப் பேசிய மேனேஜரும் உண்மையாகத்தான் பேசியிருப்பார். ஷிமோகாவாகூட எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வாங்கிவந்தவர்தான். அங்கே கெட்டவன் என்று கைகாட்ட ஒருவரும் கிடையாது. அதனாலேயே எல்லோரும் தலையாட்டுகிறோம். போ என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் தகுதி எனக்கில்லை. முத்திரையைச் சாய்த்துக் குத்தப் பழகாதே, அது மட்டும் போதும்.

அக்கா, ஆறு மாதம் உன்னிடம் பொய் சொன்னேன். ஏன் என்று ஒரு தடவை கேட்டாலே போதும், வெட்கம்தான். இரண்டாவது ஏன் தேவைப்படவில்லை.

கியோதகா


சகாய்மினாதோ, செப்டம்பர் 28

என் தம்பிக்கு,

வானம் தெளிந்துவிட்டது. கப்பல் மூன்று நாளாக ஒழுங்காகப் போய்வருகிறது. நாங்கள் மூவரும் நலம்.

எனக்குத் தெரியும்.

மே 9-ஆம் தேதி உன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நீ வேலையில் சேர்ந்தபோது எழுதிக்கொடுத்த தாளில், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்ததாம். "விடுப்புல இருக்காரு, ரெண்டு வாரமா பதில் இல்ல, நல்லா இருக்காரான்னு மட்டும் தெரியணும்" என்றாள். குரலைக் கேட்டால் சின்னப் பெண். மறுநாள் காலையில் கவுண்டரைத் தோழியிடம் விட்டுவிட்டு ரயிலேறினேன். தோக்கியோ வரும்வரை என்னென்ன நினைத்தேன் என்று எழுதமாட்டேன்.

உன் வீட்டு எதிரே, தெருமுனையில் அந்த மருந்துக்கடை. தகைவிலான்கள் அப்போதுதான் மண்ணைக் கொத்திவந்து கூடு கட்டிக்கொண்டிருந்தன. அதன் அடியில் நாற்பது நிமிடம் நின்றேன். நீ மாடிக்கு வந்து துணி காயப்போட்டாய். கால்சட்டையை இரண்டு தடவை உதறிவிட்டுப் போட்டாய், அம்மா செய்வது போல. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மணியடித்து உள்ளே வந்திருக்கலாம். வந்திருந்தால் நீ வாசலிலேயே குனிந்து மன்னிப்புக் கேட்டிருப்பாய், நலம் என்று சொல்லி என்னை ரயிலேற்றியிருப்பாய். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. கம்பெனிப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "உசிரோட இருக்கான், துணி துவைக்கறான்" என்றேன். அவள் அழுதுவிட்டாள்.

உன்னைப் பற்றிக் கேட்டால் ஒரு வரியில் முடிப்பாய். கம்பெனியைப் பற்றிக் கேட்டால் எழுதுவாய் என்று கணக்குப் போட்டேன். மினோரிக்கு நான் எதுவும் சொல்லவில்லை. என் மகளின் வாழ்க்கையை வைத்து உன்னோடு சூதாடியிருக்கிறேன். 26-ஆம் தேதிவரை உன் கடிதம் வராவிட்டால் நானே அவளிடம் சொல்லியிருப்பேன். 22-ஆம் தேதி வந்தது. நன்றாக இருந்தேன் என்று நினைக்காதே. என் பங்குக்கு நானும் தூங்கவில்லை.

அவள் இரண்டு தடவை படித்தாள். மே மாதம் உன்னைப் பார்க்க வந்ததை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். "அஞ்சு மாசம் தெரிஞ்சும் வாயத் தொறக்கல. நீயும் மாமாவும் ஒரே அச்சு" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

நேற்று முத்திரை குத்தினாள். சம்மதம் என்ற இடத்தில்தான். நான் கிழித்துப் போட்டிருப்பேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லதும் தெரியும், கெட்டதும் தெரியும். மாமாவுக்கு யாரும் இப்படி எழுதலையே, எனக்கு எழுதியிருக்காரு. போய்ப் பாக்கறேன். நேரா நிக்க விடலைன்னா யொனாகோவுக்கு ரயில் இருக்கு." முத்திரை செங்குத்தாக விழுந்திருக்கிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.

அந்தப் படிவத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர். அம்மாவின் பெயர் எழுதுவாள் என்று எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் உன் பெயரை எழுதினாள். "நான் எடுக்கலைன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு மாமாவுக்குத்தான் சட்டுனு புரியும். நீ மருந்துக்கடை வாசல்ல நிப்ப" என்றாள்.

ஆகவே தம்பி, துண்டைப் பிரித்து அந்தத் தொலைபேசியை எடு. ஏப்ரலுக்குள் ஒலி வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

சிகுசா


தோக்கியோ, அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

எதிர்வீட்டுப் பூமரம் மணக்கிறது. நேற்றைவிட இன்று கொஞ்சம் சாப்பிட்டேன்.

மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். "ஆமா, மே மாசம் ஒரு அம்மா வந்தாங்க, குருவி பாக்க வந்தேன்னாங்க" என்றார். அங்கேயே நின்று அழுதேன். எனக்கும் தண்ணீர் கொடுத்தார்.

ஹதானோவுக்கு, அவருடைய அந்த ஒன்பது பேர் கம்பெனி முகவரிக்கு, நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டேன். உண்மையான தாளையும் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினேன், முதலில் எழுதிய மூன்றாவது பதிலோடு. இரண்டு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. வராமலும் போகலாம்.

தொலைபேசியை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். ஒலியோடுதான். நேற்று மதியம் முதல் தடவை அடித்தது. கைதவறிக் கீழே போட்டுவிட்டேன், எடுப்பதற்குள் நின்றுவிட்டது. பார்த்தால் நீ.

இன்னொரு தடவை கூப்பிடு அக்கா. கொஞ்சம் அதிக நேரம் அடிக்கவிடு.

கியோதகா